அப்பச்சிக்குக் கண்ணில் பிரஷராம்: ஊரில் இருக்கும் பெரியவர்கள் கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

#1 நாட்டரசன்கோட்டை_வளவு
27 ஜனவரி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்ப் பொங்கலுக்கு (தை பிறந்தபின் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் நாட்டரசன்கோட்டை அம்மன் கண்ணாத்தாள் கோயிலில் வைப்பது) ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் சென்னை திரும்பினேன். மனசு சரியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 71 வயது. இன்றைக்கும் காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கண்ணாடி போட்டுப் படித்துவிடுவார். அதனால் அவர் கண்ணைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்பட்டதே இல்லை. இந்தத் தடவை ஒரு சாயங்காலம், காபி டவராவைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாலையிலிருந்து (உயரமான கூடம்) வளவுக்கு (உள் முற்றப் பகுதி) இறங்கினார். அறுபது வருடமாக இறங்குகிற படி. கால் வைக்கும் இடம் தப்பி, அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். காபி முழுவதும் தரையில். மறுநாள் அதே தூணில் இடது தோளை இடித்துக்கொண்டார். வயதாகிவிட்டது என்று ஆத்தா (அம்மா) சொன்னார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது பெரியப்பச்சி மகன் இடது பக்கம் வந்து நின்று "சௌக்கியமா" என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தின் சத்தத்தில் குரல் அப்பச்சிக்குக் கேட்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை. அந்த அண்ணன் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டில் ஏதும் மனத்தாங்கலா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதுரைக்குக் கூட்டிப் போனோம். புரை என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். கண் நீர் அழுத்த நோய் என்றார்கள். கிளாகோமா. இடது கண்ணில் அழுத்தம் 34, வலது கண்ணில் 28. ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லும் டெஸ்ட் எடுத்தார்கள். அந்தத் தாளில் இடது கண்ணுக்கான படத்தில் சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு சாவித் துவாரம் அளவுக்கு வெள்ளை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

ஆறு வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றியிருக்கிறோம். ஒரு இடத்திலும் அழுத்தம் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அப்பச்சி கேட்டது ஒன்றுதான்: "நான்தான் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேனே, அப்புறம் எப்படி?"

மூன்று கேள்விகள். ஆத்தாவுக்குக் கை நடுங்கும், சொட்டு மருந்தை ஒழுங்காக விடுவது எப்படி? நாங்கள் மூன்று பிள்ளைகளும் டெஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டுமா? உங்கள் வீடுகளில் யாருக்காவது இது இருந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#2 பிள்ளையார்பட்டி_பேத்தி
27 ஜனவரி, இரவு 10.15

படிக்கும்போதே கஷ்டமாக இருந்தது அண்ணே. கண்ணாத்தா காலடியிலேயே இருக்கிறீர்கள், அவள் கைவிட மாட்டாள். எங்கள் ஆயாவுக்கும் இதே நோய்தான், ஒன்பது வருடமாகச் சொட்டு மருந்தில் இருக்கிறார். இன்றைக்கும் தனியாகக் கோயிலுக்குப் போய்வருகிறார்.

எங்கள் வீட்டில் செய்வது இதுதான். காலை மருந்துப் புட்டியில் மஞ்சள் நூல், இரவு மருந்துப் புட்டியில் கறுப்பு ரப்பர் பேண்ட். எழுத்துப் படிக்க வேண்டியதில்லை, கையில் எடுத்தாலே தெரியும். சாயங்காலம் விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்து மாடத்தில் ஒன்று, பல் துலக்கும் இடத்தில் ஒன்று. வேலையோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

#3 கண்_பரிசோதகர்_காரைக்குடி
28 ஜனவரி, காலை 6.50

வணக்கம். நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் 19 வருடமாகக் கண் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் அப்பச்சியின் கேள்வி. இரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. ஒன்றுக்குச் சாப்பிடும் மாத்திரையை நம்பி இன்னொன்றை விட்டுவிட முடியாது. நம் வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கக் கூரையிலிருந்தும் மழைத் தண்ணீர் உள்ளே விழுகிறது, மூலையில் இருக்கும் துவாரம் வழியாக வெளியே போகிறது. துவாரத்தில் சருகு அடைத்தால் தண்ணீர் ஏறும். கண்ணுக்குள்ளும் ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, ஓரத்தில் இருக்கும் சல்லடை வழியாக வடிகிறது. கண்ணீர் வேறு, இது வேறு. அந்தச் சல்லடை சரியாக வேலை செய்யாதபோது உள்ளே அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும், நேர்ப் பார்வை கடைசி வரை நிற்கும். அதனால்தான் பேப்பர் படிக்கிறார், படி தெரியவில்லை. ஒரு கண்ணில் இருக்கும் ஓட்டையை மறு கண்ணும் மூளையும் சேர்ந்து மறைத்துவிடும். வலி கிடையாது. அவர் கவனிக்காமல் விட்டார் என்று யாரும் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

சாதாரணமாக அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும். ஆனால் 16, 17 இருந்தும் நரம்பு கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அழுத்தம் மட்டும் அளந்து "நார்மல்" என்று கிளம்பிவிடாமல், பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சொட்டு விடும் முறை: படுக்க வையுங்கள். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். அதில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், காசுதான் வீண். புட்டி முனை இமையில் படக் கூடாது. விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தில் இருக்கும் உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி உடம்பில் கலந்துவிடும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. ஆத்தாவுக்குக் கை நடுங்கினால், புட்டி பிடிக்கும் கையின் மணிக்கட்டை அப்பச்சி நெற்றியின்மேல் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள், நடுக்கம் பாதியாகிவிடும். புட்டி திறந்த தேதியை மேலே எழுதுங்கள். பொதுவாக ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்பச்சிக்கு ஆஸ்துமாவோ, நாடித் துடிப்பு குறைவாக இருப்பதோ உண்டு என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டிமோலால் என்ற மருந்து அவர்களுக்கு ஆகாது.

பிள்ளைகள் மூன்று பேரும் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்பச்சியின் உடன்பிறந்தவர்களும்தான். பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். 40 வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் தள்ளிப் போடாதீர்கள்.

#4 தேவகோட்டை_ரஸ்தா
28 ஜனவரி, காலை 8.05

என் மாமனார் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நாலு மாதம் மருந்து விட்டார். "விட்டாலும் அப்படியேதான் இருக்கு, விடாவிட்டாலும் அப்படியேதான் இருக்கு, எரிச்சல்தான் மிச்சம்" என்று அவராகவே நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் வெளியூர். போனில் கேட்டால் "விடுறேன், விடுறேன்" என்பார். ஒன்றரை வருடம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அதற்குள் ஒரு கண் போய்விட்டது.

அப்படியே இருப்பதற்குத்தான் அந்த மருந்து என்று யாராவது அவருக்குப் புரியும்படி சொல்லியிருந்தால் நிறுத்தாமல் மருந்து விட்டிருப்பார். நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அப்பச்சியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: பார்வை அதிகமாகாது, ஆனால் குறையாமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

#5 நாட்டரசன்கோட்டை_வளவு
28 ஜனவரி, மதியம் 1.20

எல்லோருக்கும் நன்றி. முற்றத்துத் துவாரத்தைச் சொல்லி அப்பச்சியிடம் போனில் விளக்கினேன். "அப்ப என் கண்ணுல சருகு அடைச்சிருக்கு" என்றார். புரிந்துகொண்டார். மணிக்கட்டை ஊன்றுவது நல்ல யோசனை, ஆத்தா இன்று இரவு செய்து பார்ப்பதாகச் சொன்னார்.

தம்பி சிங்கப்பூரில், தங்கை கோயம்புத்தூரில். இருவருக்கும் சொல்லிவிட்டேன். எனக்கு 44.

#6 கோட்டையூர்_ஆச்சி
28 ஜனவரி, மாலை 4.45

சத்தமில்லாமல் வருவது ஒரு வகை. சத்தம் போட்டுக்கொண்டு வருவதும் இருக்கிறது தம்பி. எனக்கு வந்தது அதுதான். ஒரு நாள் சாயங்காலம் இடது கண்ணும் மண்டையும் பிளந்துவிடும் போல வலி, வாந்தி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், ஒற்றைத் தலைவலி மாத்திரை கொடுத்தார்கள். முகப்பு லைட்டைப் பார்த்தேன், அதைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். கண் சிவந்து, பார்வை பனிமூட்டமாக இருந்தது. என் மருமகள்தான் "இது வயித்துக் கோளாறு இல்லை, கண்ணு" என்று அன்று ராத்திரியே கார் வைத்துக் கூட்டிப் போனாள். அழுத்தம் 50க்கு மேல். லேசரில் ஒரு சின்னத் துவாரம் போட்டார்கள், அப்புறம் மற்ற கண்ணுக்கும் வராமலிருக்கப் போட்டார்கள். அந்த ராத்திரி தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருந்திருந்தால் கண் போயிருக்கும். என் மருமகளை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

#7 ஆத்தங்குடிப்_பூக்கல்
29 ஜனவரி, இரவு 7.30

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். ஆனால் நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

சிமெண்டும் சுண்ணாம்பும்தான் என் பிழைப்பு. ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறையில் கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணக் கலவை ஊற்றும்போது தெறிக்கும். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை இப்போது நிறைய வருகிறது. அதற்குச் சுண்ணாம்புக் கல்லை நீற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றியதும் கொதித்து வெடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் என்னோடு வேலை பார்த்த பையன் தொட்டியில் குனிந்து பார்த்தான். ஒரு துளிதான் தெறித்தது. கூட இருந்த பெரியவர் பால் வாங்கிவர ஆள் அனுப்பினார், இன்னொருவர் நெய் விடச் சொன்னார். பத்து நிமிடம் போய்விட்டது. பக்கத்திலேயே குழாய் இருந்தது.

சுண்ணாம்பு பட்டால் அது தங்கியிருக்கும் நேரமெல்லாம் உள்ளே அரித்துக்கொண்டே போகும். ஆஸ்பத்திரி எங்கே என்று யோசிக்கும் முன் தண்ணீர். குழாய், குடம், வாளி எதுவானாலும் சரி. கண்ணைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி. அந்தப் பையனுக்குக் கருவிழி வெள்ளையாகிவிட்டது. இப்போது என் பட்டறையில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி இருக்கிறது. 150 ரூபாய்தான். போடாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடுவதில்லை.

வெற்றிலைப் பெட்டி இருக்கும் வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை. கடையில் விற்கும் சின்னச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கையில் எடுத்து அழுத்தினால் நேராக முகத்தில்தான் பீய்ச்சும். பெட்டியை உயரத்தில் வையுங்கள்.

#8 புதுவயல்_அரவை
29 ஜனவரி, இரவு 9.10

ஆத்தங்குடி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அரிசி மில் அதிகம். உமி காற்றில் பறந்துகொண்டே இருக்கும். என் அண்ணன் கண்ணில் உமி விழுந்தது. வீட்டில் ஏதோ தழையைப் பிழிந்து விட்டார்கள். இரண்டு நாளில் சிவந்தது. ஒரு கடையில் சொட்டு மருந்து வாங்கினார், ஒரே நாளில் சிவப்பு குறைந்தது, சந்தோஷப்பட்டோம். ஒரு வாரத்தில் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. பூஞ்சைக் கிருமிப் புண் என்றார்கள். கடையில் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த மருந்து, அது சிவப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிட்டது. ராத்திரி பகல் மணிக்கொரு தடவை பூஞ்சை மருந்து விட்டோம், ஐந்து வாரம். புண் ஆறியது, ஆனால் நடுவில் தழும்பு. இப்போது கருவிழி மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்.

நெல் தாள், உமி, சீமைக்கருவேல முள், கரும்புச் சோகை, எதுவாக இருந்தாலும் செடி சம்பந்தப்பட்டது கண்ணில் பட்டால் பூஞ்சை பயம் உண்டு. கசக்காமல் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.

#9 மருந்துக்கடை_முகப்பு
30 ஜனவரி, காலை 11.00

நான் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். புதுவயல் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் அந்தத் தப்பு நடக்கிறது. "போன தடவை கொடுத்த அதே டிராப்ஸ் கொடுங்க, நல்லாக் கேட்டுச்சு" என்று பழைய அட்டையை நீட்டுகிறவர்கள் தினமும் வருகிறார்கள்.

அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நாள் வரை விட்டால் அருமையான மருந்து. தானாக வாங்கி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் சீக்கிரம் வரும். கண் அரிப்புக்காகச் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி விட்டுவிட்டு, பத்து வயதில் கிளாகோமாவோடு நிற்கும் பிள்ளைகள் உண்டு. நான் சீட்டு இல்லாமல் கொடுப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

#10 பள்ளத்தூர்_டு_பினாங்கு
31 ஜனவரி, காலை 5.30

எங்கள் ஆத்தாவுக்குச் சர்க்கரை, பதினாலு வருடமாக. கால் பார்ப்போம், சிறுநீரகம் பார்ப்போம், கண் மட்டும் "நல்லாத்தானே தெரியுது" என்று விட்டுவிட்டோம். போன ஆடியில் ஒரு காலை எழுந்ததும் வலது கண்ணில் கரும்புகை சுருள் சுருளாக இறங்குகிறது என்றார். நூலாம்படை என்று நினைத்து முதலில் துண்டால் முகத்துக்கு முன்னால் விலக்கி விலக்கிப் பார்த்திருக்கிறார். விழித்திரையில் புதிதாக முளைத்த இரத்தக் குழாய் உடைந்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது.

லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கண்ணில் ஊசி என்றதும் ஆத்தா பயந்துவிட்டார். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள், ஒரு நிமிட வேலை என்று பிறகு அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார். பார்வை ஓரளவு திரும்பியது. முன்பே வருடத்துக்கு ஒரு தடவை பார்த்திருந்தால் இரத்தம் கசியும் முன்பே லேசர் வைத்திருக்கலாம்.

சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை (நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். அந்தச் சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. "அதுக்கு யாரு கூட வருவா" என்றுதான் நம் ஊர்ப் பெரியவர்கள் போகாமல் இருக்கிறார்கள். பிள்ளைகள் நாங்கள் எல்லாம் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறோம்.

#11 செம்மண்_வைத்தியம்
31 ஜனவரி, மாலை 6.15

எல்லாம் சரி, ஆனால் நம் முன்னோர்கள் பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டே எண்பது வயது வரை ஊசியில் நூல் கோத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தார்கள். இதையெல்லாம் விட்டதால்தான் இத்தனை வியாதி. முதலில் சாப்பாட்டைச் சரி செய்யுங்கள், பாதி ஆஸ்பத்திரி தேவைப்படாது.

#12 கண்_பரிசோதகர்_காரைக்குடி
31 ஜனவரி, இரவு 8.40

ஐயா, கீரையை நான் ஒருபோதும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை எல்லாம் கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ தருபவை. அது குறைந்தால் மாலைக்கண் வரும், குழந்தைக்குக் கருவிழியே உருகிப் போகும். அதற்காகத்தான் அரசாங்கம் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கிறது. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆனால் தினமும் கீரை சாப்பிடுகிறவருக்கும் கண் அழுத்தம் வரும். அதைக் கீரை இறக்காது. கண்ணாடி பவரையும் குறைக்காது. எண்ணெய் தலைக்குத்தான், கண்ணுக்குள் வேண்டாம். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கண்ணில் எண்ணெய் விடுவது, முலைப்பால் பீய்ச்சுவது, விரலால் மை இழுப்பது, இவையெல்லாம் கிருமியை உள்ளே கொண்டுபோகும் வழிகள். அப்படிக் கண்ணில் சீழோடு வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசியில் நூல் கோத்த விஷயம்: 40 வயதுக்கு மேல் எல்லோருக்கும் கிட்டத்தில் இருப்பது மங்கும். அதற்கு நம் பாட்டிகளே அழகாக வெள்ளெழுத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எண்பதில் கோத்தவர்களில் சிலர் முதலிலிருந்தே கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பதுதான் மங்கும்) உள்ளவர்கள், சிலருக்குப் புரை வளர வளரக் கொஞ்ச நாள் கண்ணாடி இல்லாமலே கிட்டத்து எழுத்து தெரியும். "கண்ணு திரும்ப வந்துருச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். அது புரை ஆரம்பித்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. புரை முற்றட்டும், அப்புறம் ஆபரேஷன் என்று காத்திருப்பது அந்தக் காலத்து முறை. இப்போது அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருந்தாலே செய்துகொள்ளலாம். முற்ற விட்டால் கண் அழுத்தம் ஏறவும் வழி உண்டு.

#13 கண்டாங்கி_தறி
1 பிப்ரவரி, காலை 7.15

வெள்ளெழுத்து என்றதும் எங்கள் வீட்டு நினைவு வந்தது. அம்மா தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியாமல் இரண்டு வருடம் தடுமாறினார். தறியை விட்டுவிடுகிறேன் என்றார். ஒரு முகாமில் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி கொடுத்தார்கள். மறுநாள் தறியில் உட்கார்ந்தவர், அன்று சாயங்காலம் சேலையின் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஓலைக் கொட்டான் முடையும் பெண்கள், நகை வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர் இப்படிக் கண்ணாடி இல்லாததால் பிழைப்பை விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நேராகச் சந்தையில் பவர் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வதைவிட, ஒரு தடவை முழுச் சோதனையோடு வாங்கினால் அப்பச்சி மாதிரி விஷயங்களும் பிடிபடும்.

#14 சூடாமணிபுரம்_அம்மா
1 பிப்ரவரி, இரவு 10.30

பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மகனுக்கு மூன்று வயதில் லேசாக மாறுகண் இருந்தது. "அதிர்ஷ்டம், அப்படியே இருக்கட்டும்" என்று மாமியார் உட்பட எல்லோரும் சொன்னார்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை செய்ய வந்தவர்கள் சொல்லித்தான் போனோம். அந்தக் கண்ணை மூளை பயன்படுத்துவதையே நிறுத்திக்கொண்டிருந்தது. சோம்பேறிக் கண் என்றார்கள். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து மற்றதை வேலை வாங்கச் சொன்னார்கள். அழுவான், பிய்த்து எறிவான். ஒன்றரை வருடம் போராடினேன். இப்போது நன்றாகத் தெரிகிறது. ஏழெட்டு வயதுக்குள் செய்துவிட வேண்டும், தாண்டினால் பலன் ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். குழந்தையை போட்டோ எடுக்கும்போது கண் பாப்பாவில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னார். அது புற்றுநோயாகக்கூட இருக்கலாமாம்.

லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஊஞ்சலில் உட்கார்ந்து நாள் முழுவதும் போன் பார்க்கின்றன. தினமும் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறதாம். நம் வீடுகளில் முற்றத்துக்கு என்ன குறை? இறக்கிவிடுங்கள்.

#15 பிள்ளையார்பட்டி_பேத்தி
2 பிப்ரவரி, காலை 9.00

புதுவயல் அண்ணே, உங்கள் அண்ணன் கருவிழிக்குக் காத்திருப்பதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. எங்கள் ஐயா போன வருடம் தவறியபோது கண் கொடுத்தோம். துக்க வீட்டில் இதைப் பேசவே தயங்கினோம், மூத்த மாமாதான் எடுத்துச் சொன்னார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அவர்கள் வரும் வரை மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம். வீட்டுக்கே வந்தார்கள், கால் மணி நேரம்தான். முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஐயா கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை ஆபரேஷன் ஆனவர். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

#16 புதுவயல்_அரவை
2 பிப்ரவரி, காலை 9.25

தங்கச்சி, அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவரால் பேச முடியவில்லை. நன்றி.

#17 தேவகோட்டை_ரஸ்தா
2 பிப்ரவரி, மாலை 5.50

செலவுக்குப் பயந்து போகாமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் ஆரம்பித்தபோது 11 படுக்கைகள்தான். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடு ஆபரேஷன் செய்தவர் அவர். 1992இல் லென்ஸ் செய்யும் தொழிற்சாலையையும் அவர்களே தொடங்கியதால்தான் ஏழை எளியவருக்கும் புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது சாத்தியமானது. கிராம முகாம்களில் பார்த்து, புரை இருந்தால் அழைத்துப் போய்ச் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகச் செய்கிறார்கள். பணம் இல்லை என்று யாரும் இருட்டில் உட்கார வேண்டியதில்லை.

#18 நாட்டரசன்கோட்டை_வளவு
19 அக்டோபர், இரவு 8.15

எட்டு மாதம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பச்சியின் அழுத்தம் இப்போது இடது 15, வலது 14. போன வாரம் மறுபடி ஃபீல்ட் டெஸ்ட் (அந்தக் கிண்ணக் கருவி டெஸ்ட்) எடுத்தோம். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு கூடவில்லை. தேவகோட்டை அண்ணன் சொன்னதை அப்படியே அப்பச்சியிடம் சொன்னேன். "அப்ப மருந்து வேலை பார்க்குது" என்றார். மஞ்சள் நூலும் ரப்பர் பேண்டும் எங்கள் வீட்டிலும் வந்துவிட்டன. நான் தினமும் இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன், ஆத்தா நெற்றியில் மணிக்கட்டை ஊன்றிச் சொட்டு விடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

வளவுப் படி விளிம்பு முழுவதும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். பழைய கல்லில் பெயின்டா என்று ஆத்தாவுக்கு வருத்தம்தான். முகப்பிலும் நடையிலும் பெரிய பல்பு போட்டோம். பெரியப்பச்சி மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவர் வந்தால் அப்பச்சிக்கு வலது பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

எனக்கு ஒன்றும் இல்லை, வருடா வருடம் பார்க்கச் சொன்னார்கள். தங்கைக்கும் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு 39 வயது. அழுத்தம் 25, நரம்பில் ஆரம்ப அடையாளம். பார்வை இன்னும் கொஞ்சம்கூடப் போகவில்லை. தினமும் இரவு ஒரு சொட்டு விடுகிறான்.

இந்தத் தடவை செவ்வாய்ப் பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்கள். அப்பச்சியின் உடன்பிறந்தவர்கள் நாலு பேர், அவர்கள் பிள்ளைகள், மொத்தம் பதினேழு பேர். பொங்கல் முடிந்த மறுநாள் மதுரைக்கு ஒரு வேன் சொல்லியிருக்கிறேன். கண்ணாத்தாளுக்கு ஆத்தா வெள்ளிக் கண்மலர் வாங்கி வைத்திருக்கிறார். அதைச் சாத்திவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. கண்_பரிசோதகர் அண்ணே, 35 வயதுக்குக் கீழே இருக்கும் ஆறு பேரையும் இப்போதே கூட்டிப் போகலாமா, எத்தனை மணிக்கு அங்கே இருந்தால் பதினேழு பேருக்கும் ஒரே நாளில் முடியும்?

#19 கண்_பரிசோதகர்_காரைக்குடி
19 அக்டோபர், இரவு 9.30

ஆறு பேரையும் கூட்டிப் போங்கள். காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள், கைக்குட்டையும் கூலிங் கிளாஸும் எடுத்துக்கொள்ளுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடாத ஒரு ஆள் வேனில் இருக்கட்டும். அப்பச்சியின் இரண்டு ஃபீல்ட் டெஸ்ட் தாளையும் மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.